உருமாற்றத் தலைமை: டீம் லீடர்களும் சூப்பர்வைசர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாகப் பதவி உயர்வு பெற்ற டீம் லீடர்கள், ஷிப்ட் சூப்பர்வைசர்கள், கிளை மேலாளர்கள் ஆகியோருக்கான பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, சிலவற்றுக்கு நாலு வரி போதும். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களை உறுத்துகிற கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

உருமாற்றத் தலைமை என்கிறார்களே, அது என்ன?

வேலைக்குச் சம்பளம், டார்கெட்டுக்கு இன்சென்டிவ், தாமதத்துக்கு மெமோ. பெரும்பாலான அலுவலகங்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் ஓடுகின்றன. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கைத் தாண்டி, "இது என் வேலை, இதை இன்னும் நல்லா செய்யலாம்" என்று ஊழியரே நினைக்கும்படி செய்கிற தலைமையும் உண்டு. அதைத்தான் டிரான்ஸ்ஃபர்மேஷனல் லீடர்ஷிப், அதாவது உருமாற்றத் தலைமை, என்கிறார்கள்.

இந்த வேறுபாட்டை 1978இல் விரிவாக எழுதியவர் ஜேம்ஸ் மெக்ரெகர் பர்ன்ஸ் என்ற அமெரிக்க வரலாற்றாளர். அவர் கவனித்தது அரசியல் தலைவர்களை. காந்தியும் அவருடைய உதாரணங்களில் ஒருவர். 1985இல் பெர்னார்ட் பாஸ் என்ற உளவியலாளர் இதை நிறுவனங்களுக்குள் கொண்டுவந்தார், அளப்பதற்கும் ஒரு வழி செய்தார். இன்று வகுப்புகளில் சொல்லப்படும் நான்கு கூறுகள் அவர் வழியாக வந்தவை: தானே முன்மாதிரியாக இருப்பது, வேலையின் நோக்கத்தை உணரவைப்பது, புதிதாக யோசிக்கத் தூண்டுவது, ஒவ்வொருவரையும் தனி ஆளாகக் கவனிப்பது.

கேட்கப் போஸ்டர் வாசகம் மாதிரி இருக்கிறது. நடைமுறையில் இது எப்படி இருக்கும்?

போஸ்டர் மாதிரிதான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் இரண்டு கூறுகளை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முன்மாதிரி என்பதற்கு மாருதியின் தொடக்க காலம் நல்ல உதாரணம். 1981இல் தொடங்கி, 1983 டிசம்பரில் முதல் காரை வெளியே விட்ட நிறுவனம் அது. அதைக் கட்டியெழுப்பிய வி. கிருஷ்ணமூர்த்தி நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அதற்கு முன் பெல் (BHEL) என்ற அரசு மின்கருவி நிறுவனத்தை நடத்தியவர். அந்தக் கால அரசுத் துறை நிறுவனங்களில் அதிகாரிக்குத் தனி அறை, தனி கேன்டீன், தனி மரியாதை. மாருதியில் சுஸுகியின் ஜப்பானிய வழக்கப்படி எல்லோருக்கும் ஒரே யூனிஃபார்ம், ஒரே கேன்டீன், திறந்த அலுவலகம் என்று வைத்தார்கள். தட்டு ஏந்தி வரிசையில் நிற்கும் மேலாளர், தொழிலாளர்கள் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று தனியாகப் பேச வேண்டியதில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நோக்கத்தை உணரவைப்பது என்றால் உணர்ச்சி பொங்கப் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். ஒரு பெரிய கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்புகிற வேலை. நாள் முழுக்க இன்வாய்ஸ் நம்பர், ஜி.எஸ்.டி., மிஸ்மேட்ச். இதில் என்ன நோக்கம் இருக்கிறது? இருக்கிறது. அந்த பில்களில் ஒன்று கோயம்புத்தூரில் இருபது பேரை வைத்து ஃபவுண்டரி நடத்துகிற ஒருவருடையது. சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த பில் இரண்டு மாதம் மேசையில் கிடந்தால், அங்கே சனிக்கிழமை வாரக் கூலிக்கு அந்த மனிதர் கடன் தேடி அலைவார். அப்படிப்பட்ட ஒரு சப்ளையரை அழைத்து வந்து, டீமோடு அரை மணி நேரம் டீ குடித்தபடி பேசவிடுங்கள். "டிலைட் தி ஸ்டேக்ஹோல்டர்" என்று சுவரில் எழுதி வைத்து ஒரு வருஷம் நடக்காதது அந்த அரை மணி நேரத்தில் நடக்கும்.

இது பிறவிக் குணம் இல்லையா? பயிற்சி எடுத்தால் வருமா?

வரும். 1996இல் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கேள்விக்குப் பொருத்தமானது. கனடாவில் ஒரு வங்கியின் 20 கிளை மேலாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரு நாள் வகுப்பு, அதன் பிறகு மாதம் ஒருமுறையாக நான்கு தனிச் சந்திப்புகள். இன்னொரு பிரிவுக்கு எதுவும் இல்லை. பயிற்சி பெற்றவர்களின் கிளைகளில், மேலாளரைப் பற்றி ஊழியர்கள் சொன்ன மதிப்பீடு உயர்ந்தது, நிறுவனத்தின் மீதான பற்றும் கூடியது, கிளையின் விற்பனைக் கணக்கில்கூட முன்னேற்றம் தெரிந்தது.

20 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அந்தப் பயிற்சி அமைந்த விதத்தைக் கவனியுங்கள். ஒரு நாள் வகுப்போடு விட்டுவிடவில்லை. மாதாமாதம் யாரோ ஒருவர் எதிரே உட்கார்ந்து, போன மாதம் செய்வதாகச் சொன்னதைச் செய்தீர்களா என்று பார்த்தார்கள். நம் ஊரில் நட்சத்திர ஹோட்டலில் ஒரு நாள், பஃபே சாப்பாடு, குரூப் போட்டோ, சான்றிதழ் என்று முடிகிற பயிற்சிகளில் விட்டுப்போவது இந்தப் பின்பாதிதான். செலவும் அதில்தான் குறைவு என்பது வேடிக்கை.

எனக்கு நாலு பேர் முன்னால் பேசவே வராது. நான் இதற்குச் சரிப்பட்டு வருவேனா?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயதை ஒட்டி முடக்குவாதம் வந்து படுக்கையில் கிடந்தவர். கைவிரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகிக் கண் அறுவை செய்தார், வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல். 1976இல் 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் 11 படுக்கைகளோடு ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். கூட இருந்தவர்கள் தங்கை நாச்சியார் முதலான குடும்பத்தினர். மென்மையாகப் பேசுகிறவர், எளிமையாக இருந்தவர். மேடையைக் கலக்குகிற ரகம் இல்லை.

அவர் செய்தது என்ன? தேவையில்லாத பார்வையிழப்பை ஒழிக்க வேண்டும் என்ற ஒரே குறிக்கோளை வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் கேள்வி கேட்டார். அறுவை சிகிச்சை நிபுணர்தான் அரிதான ஆள் என்றால் அவர் நேரம் ஏன் வீணாக வேண்டும்? அதனால் அரங்கில் அடுத்தடுத்து மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். மருத்துவர் திரும்பினால் போதும். தயார்ப்படுத்துவது யார்? கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்து வரும் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி தந்து, அந்தப் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தார்கள். கண்ணுக்குள் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலை என்றால்? 1992இல் ஆரோலேப் என்ற பெயரில் சொந்தமாகவே லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். வசதியுள்ளவர் பணம் கொடுத்தார், இல்லாதவருக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை. ஹார்வர்டில் இதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

நாலு பேர் முன்னால் பேச வராதவருக்கும் ஓர் ஆளோடு உட்கார்ந்து பேச வரும். அது போதும். பேச்சு வகுப்பில் சேர வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்.

கெட்ட செய்தி கொண்டுவருகிறவரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

டெலிவரி தள்ளிப்போகும், பேட்ச் ரிஜெக்ட் ஆகிவிட்டது, கிளையன்ட் கோபத்தில் இருக்கிறார் என்று யாராவது உங்கள் மேசைக்கு வந்து நிற்பார். அந்த முதல் பத்து விநாடியில் உங்கள் முகம் என்ன ஆகிறது, வாயிலிருந்து முதலில் என்ன வார்த்தை வருகிறது என்பதை மொத்த டீமும் கவனிக்கிறது. "யார் பண்ணது?" என்று ஆரம்பித்தால், அடுத்த முறை செய்தி உங்களுக்கு வராது. மேலே இருக்கிறவரிடமிருந்தோ வாடிக்கையாளரிடமிருந்தோ கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள். "சரி, இப்ப எந்த அளவுல இருக்கு? இப்பவே நிறுத்த வேண்டியது ஏதாவது இருக்கா?" என்று ஆரம்பித்தால் கதை வேறு. யார், ஏன் என்பதெல்லாம் அப்புறம் வரட்டும். வர வேண்டியதும்தான்.

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர் பால் ஓ'நீல். 1987இல் அல்கோவா என்ற அமெரிக்க அலுமினிய நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். நியூயார்க்கில் முதலீட்டாளர்கள் கூடிய முதல் கூட்டத்தில் லாபம், சந்தை என்று பேசுவார் என எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். ஒருவருக்கும் அடிபடாத நிறுவனமாக ஆக்குவதே குறிக்கோள் என்றார். இந்த ஆளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பங்குகளை விற்கச் சொன்ன ஆலோசகர்களும் இருந்தார்கள்.

அவர் வைத்த விதி இதுதான். எங்கே யாருக்கு அடிபட்டாலும் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிரிவின் தலைவர் அவருக்குச் செய்தி சொல்ல வேண்டும், மறுபடி நடக்காமல் தடுக்க என்ன செய்யப்போகிறோம் என்பதோடு. இந்த விதி என்ன செய்தது தெரியுமா? பிரிவுத் தலைவருக்கு 24 மணி நேரத்தில் தெரிய வேண்டுமென்றால் ஆலை மேலாளர் அன்றைக்கே சொல்ல வேண்டும். அவருக்கு ஃபோர்மேன் உடனே சொல்ல வேண்டும். ஃபோர்மேன் தொழிலாளியோடு பேசும் நிலையில் இருக்க வேண்டும். இப்படிக் கீழிருந்து மேல் வரை அடைபட்டிருந்த வழி திறந்தது. பாதுகாப்புக்காகத் திறந்த அந்த வழியாக, மெஷினைப் பற்றியும் வீணாகும் பொருளைப் பற்றியும் தொழிலாளர்களின் யோசனைகள் வரத் தொடங்கின. 2000இல் அவர் விலகியபோது, விபத்தால் வேலை நாள் இழப்பு 100 பேருக்கு 1.86 என்பதிலிருந்து 0.2ஆகக் குறைந்திருந்தது. நிறுவனத்தின் ஆண்டு லாபம் ஐந்து மடங்குக்கு மேல் ஆகியிருந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1996 பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரி எழுந்து, மெக்சிகோவில் உள்ள ஆலையில் தொழிலாளர்களுக்குப் புகையால் பாதிப்பு என்றார். விசாரித்தால், பாதிப்பு உண்மை, அந்தப் பிரிவின் தலைவர் அதை மேலே சொல்லவே இல்லை. நல்ல வருமானம் காட்டிக்கொண்டிருந்த மூத்த அதிகாரி அவர். ஓ'நீல் அவரை வேலையிலிருந்து நீக்கினார். கெட்ட செய்தியைச் சொன்னவரைத் திட்டக் கூடாது என்ற விதிக்கு மறுபாதி இது: மறைத்தவரை, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், விடக் கூடாது.

தனித்தனியாகப் பேசச் சொல்கிறீர்கள். பேசினால் "எல்லாம் நல்லா போகுது சார்" என்பதற்கு மேல் வரமாட்டேன் என்கிறதே?

கேள்வி அப்படி, பதிலும் அப்படி. ஒரு மெஷின் ஷாப்பில் வழக்கமாக நடக்கும் உரையாடலைப் பாருங்கள்.

"என்ன தம்பி, வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"நல்லா போகுது சார்."

"ஏதாவது பிரச்சினைன்னா சொல்லு."

"சரி சார்."

முடிந்தது. சூப்பர்வைசர் ரிஜிஸ்டரில் டிக் போட்டுவிடுவார். இதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

"தம்பி, இந்த வாரம் எந்த வேலை உன் நேரத்தை ரொம்பத் தின்னுச்சு?"

"அது... ஒண்ணும் இல்ல சார். கேஜ் வாங்கத்தான் ஸ்டோர்ஸுக்கு நடக்க வேண்டியிருக்கு."

"ஒரு ஷிப்ட்ல எத்தன வாட்டி?"

"நாலஞ்சு வாட்டி சார். அங்க அண்ணன் டீக்குப் போயிட்டார்னா காத்திருக்கணும்."

"மெஷின் பக்கத்துலயே ஒரு செட் வெச்சா?"

"வெச்சா நல்லாத்தான் இருக்கும். போன வருஷமே சொன்னேன் சார். காணாமப் போனா யார் பொறுப்புன்னு கேட்டாங்க."

இப்போது கையில் ஒரு விஷயம் இருக்கிறது. இனி நீங்கள் செய்ய வேண்டியது, அந்த கேஜ் செட்டை, அதாவது அளவு பார்க்கும் கருவிகளை, ஒரு வாரத்துக்குள் மெஷின் பக்கத்தில் கொண்டுவருவது. முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று அதே தம்பியிடம் போய்ச் சொல்வது. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது கேட்காமல் இருப்பதைவிட மோசம்.

இதில் ஒரு நுட்பம், எத்தனை வாட்டி என்பது மாதிரி எண்ணையோ இடத்தையோ கேட்கிற அடுத்த கேள்வி. "கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால் மரியாதைக்கு "இல்ல சார்" என்பார்கள். எண்ணைக் கேட்டால் எண்ணைச் சொல்வார்கள். இன்னொன்று: உங்கள் கேபினுக்குக் கூப்பிடாதீர்கள். கேபினுக்குக் கூப்பிட்டாலே ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்றுதான் நம் ஊரில் அர்த்தம். மெஷின் பக்கத்திலோ டீக்கடை வரை நடந்தோ பேசுங்கள்.

இருபது வருஷ சீனியர்கள். எதைச் சொன்னாலும் "இதெல்லாம் நாங்க பார்த்ததுதான்" என்கிறார்கள். இவர்களை எப்படி மாற்றுவது?

அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. பார்த்திருக்கிறார்கள். ஐந்து எஸ், சிக்ஸ் சிக்மா, அஜைல் என்று மூன்று வருஷத்துக்கு ஒரு மேலாண்மை முறை வந்து போனதைப் பார்த்தவர்கள் நான்காவதற்கு ஏன் துள்ளிக் குதிக்க வேண்டும்?

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று இருந்தது. கம்பெனியிலேயே மோசமான ஆலை என்று பெயர். ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். ஷிப்டில் குடியும் சூதும் நடந்ததாகத் தொழிலாளர்களே பின்னால் சொல்லியிருக்கிறார்கள். 1982இல் மூடினார்கள். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டு சேர்ந்து அதே ஆலையை நம்மி என்ற பெயரில் திறந்தபோது, பெரும்பாலும் அதே பழைய ஆட்களைத்தான் வேலைக்கு எடுத்தார்கள். அதே தொழிற்சங்கம்தான். இரண்டே வருஷத்தில் வராமல் போவது மிகச் சொற்பமாகிவிட்டது, காரின் தரம் ஜப்பான் ஆலையோடு ஒப்பிடுகிற அளவுக்கு வந்தது.

ஆட்கள் மாறவில்லை, வேறு எது மாறியது? முக்கியமாக ஒரு கயிறு. பழைய ஆலையில் என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது. பழுதான கார் அப்படியே நகர்ந்து போகும், கடைசியில் வேறு யாரோ சரிசெய்வார்கள். புதிய ஆலையில் ஒவ்வொரு இடத்திலும் தலைக்கு மேல் ஆண்டன் கயிறு தொங்கியது. ஏதாவது சரியில்லை என்றால் தொழிலாளி அதை இழுக்கலாம். இழுத்தவுடன் டீம் லீடர் ஓடிவருவார், திட்டுவதற்கு அல்ல, உதவுவதற்கு. குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். "உன்னை நம்புகிறோம்" என்று யாரும் சொற்பொழிவு செய்யவில்லை. கயிறு சொன்னது.

ஆகவே சீனியரின் மனதை முதலில் மாற்றி, அப்புறம் வேலையை மாற்றலாம் என்று காத்திருக்காதீர்கள். வேலையில் ஒரு சின்ன அதிகாரத்தை உண்மையாகவே அவர் கையில் கொடுங்கள். புதிய ஆட்களுக்கு எது எப்போது தயார் என்று முடிவு செய்வது, ஒரு டிராயிங்கை ஏற்கலாமா வேண்டாமா என்று சொல்வது, இப்படி ஏதாவது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று நீங்களும் நிற்க வேண்டும். முதல் தடவை அவர் அப்படிச் சொல்லி, உங்கள் டார்கெட் அடிபடும்போதுதான் உங்களுக்குப் பரீட்சை.

இதையும் சொல்லிவிடுகிறேன்: ஜெனரல் மோட்டார்ஸ் இதே முறையைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோகப் படாத பாடு பட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் வேன் நைஸ் ஆலையில் முயன்றார்கள், எடுபடவில்லை, 1992இல் அதையும் மூடினார்கள். கயிற்றைக் கட்டுவது சுலபம். இழுத்தவுடன் ஓடிவரும் டீம் லீடரை உருவாக்குவதுதான் நாள்பிடிக்கிற வேலை.

சம்பளம், போனஸ் எதுவும் என் கையில் இல்லை. வெறும் நல்ல வார்த்தை போதுமா?

போதாது. உளவியலாளர் பெர்னார்ட் பாஸே உருமாற்றத் தலைமையைக் கொடுக்கல் வாங்கலுக்கு மாற்றாகச் சொல்லவில்லை, அதன் மேல் கட்டுவதாகத்தான் சொன்னார். 2004இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், செய்த வேலைக்குச் சொன்னபடி பலன் தருகிற சாதாரண மேலாளரும் ஏறக்குறைய அதே அளவு நல்ல விளைவைத் தருவதாகத் தெரிந்தது. ஓவர்டைம் கணக்கைச் சரியாக ஏற்றுவது, கேட்ட லீவுக்கு அன்றைக்கே பதில் சொல்வது, கன்வேயன்ஸ் பில்லில் தாமதிக்காமல் கையெழுத்துப் போடுவது, இதெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு விஷன் பேசினால் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

மேலே மாருதியைப் புகழ்ந்தேன். அதே நிறுவனத்தின் மானேசர் ஆலையில் 2012 ஜூலை 18 அன்று வன்முறை வெடித்து, மனிதவள அதிகாரி ஒருவர் உயிரிழந்தார், ஆலை ஒரு மாதம் மூடிக்கிடந்தது. காரணங்களைப் பற்றி வாதம் இன்றும் இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இருந்த சம்பள வித்தியாசம் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. ஒரே யூனிஃபார்ம் போட்டுப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவருக்கு வெவ்வேறு கூலி என்றால், யூனிஃபார்மே அதை இன்னும் உறைக்கக் காட்டும்.

என் மேலாளரே பழைய ஆள். கத்துவார், கேட்க மாட்டார். நான் மட்டும் மாறி என்ன பயன்?

உங்கள் டீமுக்கு நீங்கள்தான் மேலாளர். அங்கே பயன் உண்டு. மேலே இருந்து வரும் கத்தலை அப்படியே கீழே இறக்காமல், அதிலுள்ள தகவலை மட்டும் இறக்குங்கள். "சார் கோபத்துல இருக்கார்" என்பதில் டீமுக்கு உபயோகம் ஒன்றுமில்லை. "வெள்ளிக்கிழமைக்குள் ரிப்போர்ட் வேணும், ஏன்னா திங்கள் ஆடிட்" என்பதில் இருக்கிறது. மேலாளரைத் திருத்தும் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டீம் பெரிதாகச் சொதப்பிவிட்டால் என்ன செய்வது?

சதீஷ் தவன் கதையை அப்துல் கலாம் சொல்லிச் சொல்லி நமக்கெல்லாம் மனப்பாடம். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். பத்திரிகையாளர்கள் முன் போய் உட்கார்ந்து பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் தவன். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது, நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று கலாமை அனுப்பினார்.

இந்தக் கதையில் பலரும் விட்டுவிடுவது அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் நடந்ததை. வெளியே பழியை ஏற்றுக்கொண்டதால் உள்ளே விசாரணையை மென்மையாக்கிவிடவில்லை. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் வால்வு கோளாறால் அமிலம் கசிந்தது வரை துருவிக் கண்டுபிடித்தார்கள். வெளியே நீங்கள் முன்னால் நில்லுங்கள். உள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு, வால்வு வரை போங்கள். நம் மேலாளர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கிளையன்ட்டோடு போனில் பேசும்போது ஆளின் பெயரைச் சொல்லிவிட்டு, உள்ளே "சரி விடு, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுகிறார்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் டீமுக்கு இது பொருந்துமா?

பொருந்தும், கூடுதல் உழைப்போடு. அலுவலகத்தில் தற்செயலாகக் கண்ணில் படுவது திரையில் படாது. அதனால் தனிச் சந்திப்பைக் காலண்டரில் போட்டுவையுங்கள், வேறு மீட்டிங் வந்தால் முதலில் ரத்தாவது இதுவாக இருக்க வேண்டாம். பாராட்டை குரூப் சாட்டில் போடுங்கள், குறையைப் போனில் பேசுங்கள்.

பெண் மேலாளர்களுக்கு இது கஷ்டமா?

2003இல் 45 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பெண் மேலாளர்களிடம் இந்தத் தன்மை ஆண்களைவிடச் சற்றே கூடுதலாகத் தெரிந்தது. வித்தியாசம் சிறியது. கஷ்டம் திறமையில் இல்லை. ஆண் சொன்னால் கண்டிப்பு, பெண் சொன்னால் சிடுசிடுப்பு என்று எடுத்துக்கொள்கிற காதுகளில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பு அந்தப் பெண் மேலாளருடையது மட்டும் அல்ல, அவருக்கு மேலே இருப்பவருடையதும்.

இதில் ஆபத்தே இல்லையா?

உண்டு. ஆட்களை ஈர்க்கத் தெரிந்தவர் எந்தப் பக்கமும் இழுத்துப் போகலாம். அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், மேன்மை என்று நான்கு விழுமியங்களை அச்சடித்து வைத்திருந்தது. 2001 டிசம்பரில் கணக்கு மோசடிகள் அம்பலமாகி திவாலானது. வெளியே உருமாற்றத் தலைவர் மாதிரி தெரிந்து உள்ளே சுயநலமாக இருப்பவர்களைப் பற்றி பெர்னார்ட் பாஸ் 1999இல் தனியாகவே எழுத வேண்டிவந்தது. இனம் காண ஒரு வழி உண்டு: அந்தத் தலைவரிடம் கடைசியாக "இது தப்பு" என்று சொன்ன ஊழியர் இப்போது எங்கே இருக்கிறார் என்று பாருங்கள்.

நம் ஊர் ஆபத்து இன்னும் சாதாரணமானது. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்ற வசனம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொல்வதற்கு முன்னால்தான் வருகிறது. வேலையின் மீது வரும் பற்றைச் சம்பளமில்லாத ஓவர்டைமாக மாற்றுகிறவர் இந்தப் பட்டியலில் சேரமாட்டார். ஆறு மணிக்கு மேல் மெயில் அனுப்பாதீர்கள், அனுப்பினாலும் காலையில் போகும்படி வையுங்கள்.

நான் முன்னேறுகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டெஸ்ட் ஏதும் இருக்கிறதா?

பெர்னார்ட் பாஸ் தொடங்கிவைத்த 45 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. மேலாளரும் நிரப்புவார், அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களும் நிரப்புவார்கள். அது உண்மையில் எதை அளக்கிறது என்று 2013இல் இரண்டு ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்து எழுதினார்கள், அந்த விவாதம் ஓயவில்லை. மேலாளர் தனக்குப் போட்டுக்கொள்ளும் மார்க்கை நம்பாதீர்கள் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போவார்கள்.

படிவம் இல்லாமலும் பார்க்கலாம். பிரச்சினைகள் உங்கள் காதுக்கு முன்பைவிடச் சீக்கிரம் வருகின்றனவா? மீட்டிங்கில் உங்களை மறுத்து யாராவது பேசுகிறார்களா? நீங்கள் ஒரு வாரம் லீவில் போனால் எத்தனை போன் வருகிறது? ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைக் குறித்து வையுங்கள். முதல் இரண்டு மூன்று மாதங்களில் பிரச்சினைகள் கூடியதுபோலத் தெரியும். கூடவில்லை, இப்போதுதான் உங்களிடம் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். அப்ரைசலில் உங்கள் மேலாளர் அதைக் கேட்பார், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்துப் பார்த்து வளர்த்த ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால்?

போவார். நல்ல ஆட்களை வளர்க்கிற எல்லா மேலாளர்களுக்கும் நடப்பதுதான். அரவிந்த் கண் மருத்துவமனை இந்த விஷயத்தில் ஒரு படி மேலே போய், 1992இல் லைகோ என்று தனியாக ஒரு பயிற்சி நிறுவனமே தொடங்கி, தன் முறைகளை மற்ற கண் மருத்துவமனைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அந்த அளவுக்கு உங்களிடம் எதிர்பார்க்கவில்லை. போகிறவர் நோட்டீஸ் கொடுத்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், எக்ஸிட் இன்டர்வியூவை எச்.ஆரிடம் மட்டும் விடாமல், நீங்களே ஒரு மணி நேரம் ஒதுக்கி உட்காருங்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம், அதை எச்.ஆர். கேட்டிருப்பார்கள். "போகலாம்னு உனக்கு முதல்ல எப்ப தோணுச்சு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு தேதியோ ஒரு மீட்டிங்கோ வரும். அதைக் குறித்துக்கொண்டு, அதே மீட்டிங்கில் இருந்த மற்றவர்களோடு அந்த வாரமே பேசுங்கள்.